போலந்துக் கிராமத்தின் இலையுதிர்காலம்: திருநாள் தேதியும் வேலைக் கெடுவும்

போலந்தின் கத்தோலிக்கக் கிராமங்களில் செப்டம்பர் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களான திருவருகைக் காலம் வரை என்னென்ன வேலை நடக்கும், அந்த வேலைகளுக்கும் கோயில் திருநாட்களுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதைதானா என்பது கேள்வி. தொடர்பு உண்டு. பக்தியைவிடக் கெடுவில்தான் அது ஆரம்பிக்கிறது. சுவரில் நாட்காட்டி இல்லாத காலத்தில் எந்த வேலை எதற்குள் முடிய வேண்டும் என்பதைப் புனிதர்களின் பெயரால்தான் நினைவில் வைத்தார்கள். மலைப்பக்கத்தில் செப்டம்பர் கடைசியிலேயே உறைபனி விழலாம். மேய்கிற அளவுக்குப் புல் வர மறுபடி ஏப்ரல் கடைசி ஆகும். இடைப்பட்ட மாதங்களுக்கு வேண்டியதெல்லாம் மண்ணுக்குள்ளோ நிலவறையிலோ பீப்பாயிலோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

முதல் கெடு செப்டம்பர் 8. வேளாங்கண்ணியில் திருவிழா நடக்கும் அதே நாள், மாதா பிறந்தநாள். போலந்து விவசாயிகளுக்கு அவள் அன்று விதைப்பு மாதா. பூசைக்கு வரும்போது ஒரு பையில் விதைத் தானியம் கொண்டுவருவார்கள், சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். ஆகஸ்ட் 15 அன்று மூலிகைகளோடும் கதிர்களோடும் மந்திரித்த கட்டு வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து உதிர்த்த மணிகளையும் இதோடு சேர்த்து முதல் விதைப்பில் கலப்பது பழைய வழக்கம். அதற்கு முன் குளிர்கால ரை தானியத்தை விதைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் பல ஊர்களில் இருந்தது.

அந்தக் கட்டுப்பாட்டில் விஷயம் இருக்கிறது. ரை தூர் கட்டுவதை ஏறக்குறைய முழுவதும் இலையுதிர்காலத்திலேயே முடித்துக்கொள்ளும். கோதுமையைப் போல வசந்தத்தில் சரிசெய்துகொள்ளாது. அதனால் தாமதமாக விதைத்தால் ஒற்றைத் தண்டாக நின்று விளைச்சல் போகும். ரொம்ப முந்தி விதைத்தால் பயிர் மதமதவென்று வளர்ந்து, உறையாத மண்ணின் மேல் பனி மூடும்போது அடியில் அழுகிப் பூசணம் பிடிக்கும். வெயில் மிச்சமிருக்கும் நாட்களில் அசுவினிப் பூச்சி ஏறி வைரஸையும் கொண்டுவரும். செப்டம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை என்பது பொதுவான கணக்கு. குளிர் முந்தி வரும் வடகிழக்கில் முன்னதாகவும் மேற்கில் பிந்தியும் விதைப்பார்கள். இப்போது இலையுதிர்காலம் நீண்டு சூடாக இருப்பதால் பலர் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போடுகிறார்கள். திருநாள் அதே தேதியில் நிற்கிறது, விதைப்பு நகர்ந்துவிட்டது.

விதையின் ஆழம் 2 முதல் 3 செ.மீ. போதும். தூர் வெடிக்கும் கணு மேலாக உருவாகும் பயிர் இது, 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் மேலே வருவதிலேயே சத்து தீர்ந்துவிடும். எக்டேருக்குச் சுமார் 120 முதல் 160 கிலோ, வீரிய ஒட்டு ரகமானால் இன்னும் குறைவு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது உழவில்: உழுத கையோடு விதைத்துவிடுகிறார்கள். ரை படிந்த மண்ணைக் கேட்கும். உழுது இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். நேரமில்லையென்றால் கனமான உருளையால் அழுத்தியாவது விட வேண்டும். பொலபொலவென்று இருக்கும் மண் பிறகு தானாகப் படியும்போது வேரை அறுக்கும், கணுவை வெளியே காட்டிவிடும். அடுத்த உறைபனியில் செடி போய்விடும்.

ரை விதைப்போடு சேர்ந்தே உருளைக்கிழங்கு அறுவடையும் வந்துவிடும். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் படைவீரர்களையும்கூட இதற்கு அனுப்பினார்கள். அவ்வளவு கை தேவைப்பட்ட வேலை. தழை காய்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தோண்ட வேண்டும். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. உரிந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த கிழங்கு டிசம்பர் வரைகூடத் தாங்காது. மண்ணின் வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே போனபின் தோண்டினால் கிழங்கு விழுகிற இடமெல்லாம் உள்ளே கன்றிக் கருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. தோண்டியதை ஓரிரு மணி நேரம் மண் உலரும் வரை தரையில் விட்டு, கூடையில் பொறுக்கி, வெட்டுப்பட்டதையும் பொடியையும் அங்கேயே பிரித்துவிடுவார்கள். பொடிக்கிழங்கு பன்றிக்கு, ஆவியில் வேகவைத்து.

நல்ல கிழங்கை முதலில் 10 முதல் 14 நாள் 12–15 டிகிரியில் வைத்தால் காயங்கள் ஆறித் தோல் தடிக்கும். அதன்பின் 4 முதல் 6 டிகிரி. அதற்கும் கீழே போனால் மாவு சர்க்கரையாகி, வேகவைத்தால் இனிக்கும், வறுத்தால் கறுக்கும். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும், சொலனின் நஞ்சு சேரும்.

நிலவறை போதாத வீட்டில் வயலோரம் கிழங்குப் பட்டறை போடுவார்கள். நீர் தேங்காத மேட்டில், வடக்கு தெற்காக நீள வாக்கில், ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு சாண் ஆழம் தோண்டிக் கிழங்கைக் கூரை வடிவில் குவிக்க வேண்டும். உயரம் ஒரு மீட்டருக்கு மேல் போனால் நடுவில் சூடேறும். மேலே அழுத்திய பிறகும் 20 செ.மீ.க்குக் குறையாத வைக்கோல், அதன்மேல் ஒரு பத்து செ.மீ. மண். கூரையின் முகட்டில் மட்டும் மண் போடாமல் வைக்கோலாகவே விட வேண்டும். கிழங்கு மூச்சு விடும், வியர்க்கும். அந்த ஈரம் முகடு வழியாகத்தான் வெளியேறும். முதல் நாளே முழுவதும் மூடிவிடுபவர்களின் பட்டறைதான் ஜனவரியில் கூழாகிக் கிடக்கும். நிலம் உறையத் தொடங்கியதும் இரண்டாவது அடுக்கு வைக்கோலும் மண்ணும் போட்டு முகட்டை அடைக்கலாம். பனி மூடியபின் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பனி உருகிக் குழி விழுந்திருந்தால் அதற்கடியில் அழுகல் சூடேறுகிறது என்று பொருள். பனி இளகும் நாளில் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து கெட்டதை எடுக்க வேண்டும். கடுங்குளிரில் திறந்தால் மிச்சமும் போய்விடும்.

இதே வாரங்களில் காட்டுக் காளான் பொறுக்குவதும் நடக்கும். போலந்தில் அரசு காடுகளில் வீட்டுத் தேவைக்கு யாரும் பொறுக்கலாம். தெரியாதவர்களுக்கு ஒரே விதி: குடையின் அடிப்பக்கம் கடற்பஞ்சுபோல் துளைத்துளையாக இருப்பதை மட்டும் எடு, மடல் மடலாக இருப்பதைத் தொடாதே. துளைக்காளான்களில் வயிற்றைக் கலக்குவதும் கசப்பதும் உண்டு. உயிரை எடுக்கும் சாவுக்குடைக் காளான் மடல் வகை. அதைத் தின்றால் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், பல சமயம் அரை நாள் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். அதற்குள் ஈரல் சேதப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் வட்டார சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். நல்ல காளானைச் சீவி, நூலில் கோத்து, 40–50 டிகிரி சூட்டில் காயவைப்பது வழக்கம். பத்து கிலோ ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். கிறிஸ்துமஸ் முன்னிரவின் மாமிசமில்லாத விருந்துக்கு அதுதான் மணம்.

செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாள். தென்கோடியில் டாட்ரா மலையடிவாரமான பொத்ஹாலேயில் இது ஆடு இறங்கும் கெடு. ஏப்ரல் 23, புனித வோய்ச்செக் நாளை ஒட்டி மேலே போன செம்மறிகள் இப்போது மணியோசையோடு ஊருக்குத் திரும்பும். மந்தை ஒருவருடையதல்ல. பாட்ஸா என்று அழைக்கப்படும் கீதாரி பல வீட்டு ஆடுகளையும் சேர்த்து ஓட்டிப்போவார். ஆட்டுக்காரர்களுக்கு அவர் தர வேண்டிய பங்கை ஆட்டுக்கு இவ்வளவு பாலாடைக்கட்டி என்று பேசிக்கொள்வார்கள். ஊர் எல்லையில் பட்டி அடைத்து, சாயக்குறியைப் பார்த்து வீடு வீடாகப் பிரித்துவிடுவது அன்றைய பெரிய வேலை. புல் நின்று, பாலும் வற்றிய பிறகு மேலே இருப்பதில் இலாபமில்லை. அதோடு கிடாவைச் சேர்க்கவும் இதுதான் பருவம்: சினைக்காலம் 150 நாள் என்பதால் இப்போது சேர்த்தால் குளிர்காலக் கடைசியில் குட்டி விழுந்து, மறுபடி மலையேறும்போது நடக்கப் பழகியிருக்கும்.

இந்த மலையின் புகழ்பெற்ற புகைபோட்ட பாலாடைக்கட்டி ஒஸ்ட்ஸிபெக். 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயராகப் பதிவானது. குறைந்தது 60 விழுக்காடு செம்மறிப் பால் இருக்க வேண்டும். எடை 600 முதல் 800 கிராம். மே முதல் செப்டம்பர் வரைதான் செய்யலாம். நூல் நூற்கும் கதிர் வடிவத்தில், 17 முதல் 23 செ.மீ. நீளம் இருக்கும். பிப்ரவரியில் மலையடிவாரச் சுற்றுலா ஊரான ஜாக்கோபானேயின் கடைத்தெருவில் புதிது என்று சொல்லி விற்பது பசும்பால் கட்டி. சுவை மோசமில்லை, பெயர்தான் பொய்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1883இல் அதை உலகத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். கிராமத்தில் மாலை ஐந்து, ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். வயலில் இனி ஒன்றும் செய்ய முடியாத அந்த நேரத்தில்தான் கோயிலில் ஜெபமாலை. பிள்ளைகள் ஆளுக்கொரு பத்துமணி சொல்வார்கள். வீட்டுக்குத் திரும்பியபின் கோஸ் வேலை.

கோஸ் ஊறப்போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த நாட்டுக் குளிர்காலத்தின் காய்கறி என்றால் நெடுங்காலம் இதுதான். புதுக் காய் இல்லாத மாதங்களில் வைட்டமின் சி கொடுத்ததும் இதுதான். கோடைக் கோஸ் உதவாது. அக்டோபரில் அறுக்கும் பிந்திய ரகம், கல் மாதிரி இறுகிய தலை, உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். 'கல்தலை' என்றே ஒரு பழைய போலந்து ரகம் உண்டு. அறுத்த தலைகளைக் கொட்டகையில் சில நாள் கிடத்திவிட்டு, பச்சையான வெளி இலைகளை உரித்து, தண்டைத் துளைத்து எடுத்துவிட்டு, பலகைச் சீவியில் ஒன்றிரண்டு மி.மீ. கனத்தில் சீவுவார்கள். ஓக் பீப்பாயை இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை இடுக்கில் சாறு கசிந்துவிடும். பிறகு கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

உப்பு எடைக் கணக்கு: கிலோவுக்கு 20 முதல் 25 கிராம், பத்து கிலோவுக்கு 200 முதல் 250 கிராம். கைப்பிடிக் கணக்கை நம்ப வேண்டாம். அயோடின் சேர்க்காத கல்லுப்புதான் வழக்கம். கூடவே கொஞ்சம் கேரட், சீரகம்போல் தோன்றும் கேரவே விதை, சில வீடுகளில் அந்தோனோவ்கா என்னும் புளிப்பு ஆப்பிள். ஒவ்வோர் அடுக்காகப் போட்டு உப்பு தூவி, சாறு மேலே வரும் வரை இடிக்க வேண்டும். பெரிய பீப்பாயானால் முன்பு கால் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கி மிதித்தார்கள். வாயிலிருந்து 10–15 செ.மீ. காலியாக விட வேண்டும், நுரைத்துப் பொங்கும். மேலே முழு இலைகள், அதன்மேல் பலகை, அதன்மேல் கல். கல் கருங்கல்லாக இருக்கட்டும். சுண்ணாம்புக்கல் புளிப்பில் கரைந்து புளிப்பையே கெடுத்துவிடும்.

முதல் ஐந்தாறு நாள் 18–20 டிகிரி. தினமும் ஒரு மரக்கம்பால் அடிவரை குத்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். இதைச் சோம்பினால் கசக்கும். நுரை அடங்கியதும் குளிர்ந்த நிலவறைக்கு மாற்றினால் அடுத்த மூன்று முதல் ஆறு வாரத்தில் புளிப்பு நிதானமாக முற்றும். கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்: கோஸ் மெத்தென்று ஆனால் உப்பு குறைவு அல்லது சூடு அதிகம். இளஞ்சிவப்பானால் உப்பு ஓரிடத்தில் குவிந்து, சில வகை ஈஸ்ட் பெருகிவிட்டது. சாறு கோழையாக இழுத்தால் தொடக்கத்திலேயே சூடு மிகுந்துவிட்டது. மேல்பரப்பு பழுப்பானால் சாற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் படிந்தால் பயமில்லை, எடுத்துவிட்டுப் பலகையைக் கழுவி வைக்கலாம். நிறமுள்ள பூசணமும் அழுகல் வாடையும் வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

நவம்பர் 1. தமிழ்க் கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். போலந்தில் பெருங்கூட்டம் முதல் தேதியில், சகல பரிசுத்தர் திருநாளிலேயே. அன்று அரசு விடுமுறை என்பதும் ஒரு காரணம். பிற்பகலில் கல்லறைத் தோட்டத்தில் பூசையும் சுற்றுப்பிரகாரமும் நடக்கும். நாடே ஊர் திரும்பும். காவல்துறை இதற்கென்றே தனி நடவடிக்கை வைத்திருக்கிறது.

வேலை இரண்டு வாரம் முன்பே தொடங்கும். கல்லறை கழுவுவதில் அடிக்கடி நடக்கும் அழிவு வினிகரால் வருவது. பழைய கல்லறைகளில் பல, சிமெண்டும் சலவைக்கல் துண்டும் கலந்த டெரசோ. அமிலம் பட்டால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும், அதன்பின் பாசி இன்னும் எளிதாகப் பிடிக்கும். வெந்நீர், மென்மையான தூரிகை, காரமில்லாத சோப்பு, இவ்வளவே போதும். உறைபனிக்கு முன் முடிக்க வேண்டும், விரிசலில் நின்ற தண்ணீர் உறைந்தால் கல் பிளக்கும்.

பூ என்றால் சாமந்தி. பகல் குறைந்தால்தான் அது மொட்டு விடும்; குறும்பகல் தொடங்கி எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். எனவே வளர்ப்பவர்கள் ஆகஸ்டிலிருந்தே பின்னோக்கிக் கணக்குப் போட்டு, தேவையானால் கறுப்புத் துணியால் மூடிப் பகலைக் குறைப்பார்கள். அத்தனையும் ஒரே வாரத்தில் விற்றாக வேண்டிய சரக்கு. 2020இல் கொரோனாவுக்காக அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை கல்லறைத் தோட்டங்களை மூடுவதாக அரசு முந்தின நாள்தான் அறிவித்தது; விற்காமல் தேங்கிய பூவுக்கு அரசே இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. வாங்குபவர்கள் பாதி மொட்டாக இருக்கும் தொட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது, முழுதும் விரிந்தது முதல் கடுங்குளிரிலேயே கருகும்.

கண்ணாடிக் கூட்டுக்குள் எரியும் மெழுகு விளக்கில் எரியும் நேரம் உறையில் போட்டிருக்கும், ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை. திரி சாய்ந்து சுடர் கண்ணாடியில் பட்டாலோ சூடான கண்ணாடியில் மழை விழுந்தாலோ வெடிக்கும். மெருகிட்ட கருங்கல்லின் மேல் நேராக வைத்தால் மெழுகுக்கறை போகாது, அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும். உள்மெழுகை மட்டும் மாற்றிக் கூட்டைப் பல வருடம் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யாததால்தான் நவம்பர் நடுவில் கல்லறைத் தோட்டத்துக் குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது.

இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதிக் காணிக்கையோடு பங்குச் சாமியாரிடம் கொடுத்தால், நவம்பர் முழுவதும் கோயிலில் அவற்றை வாசித்து வேண்டுவார்கள். பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதித் தருவது வாசிப்பவருக்கு உதவி. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காக வேண்டினால், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பரிபூரண பலன் பெறலாம்; பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், பாப்பரசர் கருத்துக்கான செபம் ஆகியவை அதற்கு நிபந்தனை. அதனால்தான் அக்டோபர் கடைசி நாட்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே வரிசை நிற்கும்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். 1918இல் போலந்து விடுதலை மீண்ட நாளும் அதுவே என்பதால் இப்போது கொடியும் சேர்ந்துவிட்டது. பழைய பண்ணைக் கணக்கில் அது ஆண்டு முடிவு: குத்தகை கட்டியதும் வேலையாளுக்குக் கூலி தீர்த்ததும் இந்த நாளை ஒட்டித்தான். அன்றைக்கு விருந்து கூஸ் என்னும் பெரிய வாத்து. மேய்ச்சலில் வளர்த்துக் கடைசி மூன்று வாரம் ஓட்ஸ் மட்டும் போட்டு, சுமார் 17 வாரத்தில் அறுப்பார்கள். அந்த வயது இறைச்சிக்காக மட்டுமல்ல. இறகு முற்றி இருக்கும் தருணம் அது. நடுவில் அறுத்தால் தோலெல்லாம் முளைவிடும் குருத்திறகு, பிடுங்கி மாளாது. முந்தின இரவே உப்பும் மார்ஜோரமும் தடவி, புளிப்பு ஆப்பிளை வயிற்றில் அடைத்து, முதல் அரை மணி நேரம் நல்ல சூட்டிலும் பிறகு 160 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமலும் வைப்பார்கள். தோலை மட்டும் குத்த வேண்டும். இறைச்சி வரை குத்தினால் சாறு வடிந்து சக்கையாகும். வடியும் கொழுப்பை ஊற்றி எடுத்து ஜாடியில் வைத்தால் குளிர்காலம் முழுக்கச் சமையலுக்கு ஆகும்.

மிஞ்சுவது இறகு. நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கும்முன், கத்தரீனா நாளான 25ஆம் தேதியை ஒட்டியும் அந்திரேயா நாளின் முன்னிரவான 29ஆம் தேதியும் கடைசி ஆட்டம் பாட்டம். பிறகு கிறிஸ்துமஸ் வரை கல்யாண விருந்து கிடையாது. அந்த நீண்ட இரவுகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, இறகின் நடுத்தண்டிலிருந்து மெல்லிய பகுதியை உரித்தெடுப்பார்கள். தண்டோடு அடைத்தால் தலையணை குத்தும், உறையைத் துளைத்து வெளியே வரும். கதவைத் திறக்கக் கூடாது, தும்மக் கூடாது. ஒரு காற்றில் மேசை காலியாகிவிடும். 70க்கு 80 செ.மீ. அளவுள்ள வழக்கமான தலையணைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும், அதற்குப் பல வாத்துகளின் இறகு தேவை. பெண்ணின் சீதனத்துக்காக வருடக்கணக்கில் சேர்த்தார்கள். இன்று இந்த வேலை பெரும்பாலும் ஊர்க் கலைக்குழுக்கள் மேடையில் நடித்துக் காட்டும் காட்சியாகிவிட்டது. கோஸ் பீப்பாயும் கல்லறை விளக்கும் அப்படி ஆகவில்லை, இரண்டும் இன்னும் வீடுகளில் நடப்பவை. உரித்த இறகை அடைப்பதற்கு முன் துணிப்பையில் கட்டி அடுப்பருகே நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் வசந்தத்துக்குள் வாடை வந்துவிடும்.